சிறு விரலுக்கு ஏற்ற ஸ்ட்ரைக்கர்

மாலை ஆறு மணிக்கு மேல் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் நடந்து செல்லும் எவருக்கும் ஓர் ஓசை பழக்கமானது. கூரை தாழ்ந்த ஒரு மன்றம். மேலே கம்பியில் தொங்கும் விளக்கு. அதன் கீழ் நான்கு தலைகள். நடுவே கட்டையில் காய் மோதும் 'டக்' என்னும் ஒலி. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து திரும்பியவர், கன்டெய்னர் லாரியை நிறுத்திவிட்டு வந்தவர், கல்லூரி மாணவர் ஆகிய எல்லாரும் அவ்விளக்கின் கீழ் ஒரே வரிசையில் அமர்வர். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இதே காட்சிதான். கிரிக்கெட்டுக்குத் திடல் வேண்டும். கேரம் பலகைக்கோ மூன்றடிச் சதுர இடம் போதும். இடநெருக்கடி மிகுந்த நம் வடசென்னையில் இவ்விளையாட்டு வேரூன்றியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்விளையாட்டில் ஆடுபவர் தமக்கென்று சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். பலகை மன்றத்தினுடையது, காய்கள் பொதுவானவை, பவுடர் யாரோ வாங்கி வைத்தது. ஸ்ட்ரைக்கர் மட்டுமே ஆடுபவரின் உடைமை. அதனைப் பெரும்பாலான பெற்றோர் எப்படி வாங்குகின்றனர் என்பதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகின்றோம். இப்படிப் பேசத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

நமக்கு நன்கு அறிமுகமான லாரி ஓட்டுநர் ஒருவர் உண்டு. அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, தெரு மன்றத்தில் பெரிய பிள்ளைகளுடன் ஆடி ஆடி விரல் தேர்ந்துவிட்டாள். முதன்முறையாக ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது தகப்பனாருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே கனமானதைக் கொடுங்கள்" என்று கேட்டு, உள்ளே பூ வேலை தெரியும்படியான கண்ணாடி போன்ற ஸ்ட்ரைக்கர் ஒன்றை வாங்கி வந்தார். விலையும் சற்றுக் கூடுதல்தான். பிள்ளை பத்து நாள் அதிலேயே பழகினாள்.

போட்டியன்று நடுவர் அதை வாங்கிச் சிறு தராசில் வைத்தார். பதினாறு கிராமுக்கு மேல் காட்டியது. விதி பதினைந்து கிராமோடு நின்றுவிடுகிறது. நடுவர் கடிந்து பேசவில்லை. "இது ஆகாதும்மா, வேறொன்று எடுத்துக்கொள்" என்றார், அவ்வளவுதான். யாரோ இரவல் கொடுத்த ஸ்ட்ரைக்கரை வைத்து ஆடினாள். அதன் எடையும் ஓட்டமும் விரலுக்குப் பிடிபடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அன்றிரவு தகப்பனார் நம்மிடம் வந்து, "அவ தோத்தது பரவாயில்லண்ணே. நான் வாங்கிக் குடுத்ததால தோத்தாளே, அதுதான் மனசு ஆறல" என்றார்.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கனமானது உயர்ந்தது என்னும் எண்ணம் நம் எல்லாரிடமும் ஊறிப்போயிருக்கின்றது. பாத்திரம் வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகின்றோம்!

விதி என்ன சொல்லுகின்றது?

அகில உலகக் கேரம் கூட்டமைப்பு 1988-ஆம் ஆண்டு நம் சென்னை மாநகரிலேயே தோன்றியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதன் தோற்றத்துக்கு உழைத்தவர்களுள் முன்னின்றவர் பங்காரு பாபு அவர்கள். அதுவரை ஊருக்கொரு வழக்கமாய் இருந்த ஆட்டத்துக்கு ஒரே சீரான விதிகள் அமைந்தன. அவ்விதிகளின்படி ஸ்ட்ரைக்கரின் குறுக்களவு 4.13 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. வட்டமாகவும் வழவழப்பாகவும் இருத்தல் வேண்டும். உலோகத்தாலோ தந்தத்தாலோ ஆனதாக இருத்தல் கூடாது. எடைக்கு மேல்வரம்பு உண்டேயன்றி, இத்தனை கிராமுக்குக் குறையக்கூடாது என்ற கட்டாயம் இல்லை என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும். விதியே சிறு கைகளுக்கு இடம் விட்டு வைத்திருக்கின்றது.

மரத்தாலான காயின் எடை ஏறக்குறைய 5 கிராமிலிருந்து 5.5 கிராம் வரை. பையின் வாய், அதாவது மூலையிலுள்ள குழி, 4.45 சென்டிமீட்டர். ஆகவே முழு அளவுள்ள ஸ்ட்ரைக்கர் குழியில் விழுவதற்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான் உண்டு. ஆயினும் விழத்தான் செய்கின்றது! விழுந்தால், அந்த அடியில் போட்ட காயையும் இழந்து, தண்டமாக இன்னொரு காயையும் எடுத்து வைக்க வேண்டும். நம் தெருப் பிள்ளைகள் 'டியூ' என்று அலறுவது இதைத்தான்.

தந்தம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. முற்காலத்தில் வசதியுள்ளவர் சிலர் யானைத் தந்தத்தில் கடைந்த ஸ்ட்ரைக்கரைப் பெட்டியில் பொதிந்து வைத்திருப்பர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வாணிகத்தைத் தடுத்தது. 1991-இல் செய்த திருத்தம் வெளிநாட்டிலிருந்து வந்த தந்தத்தையும் அவ்வாறே தடுத்தது. இன்று நாம் கடையில் காண்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக், அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை. பரணில் தாத்தாவின் தந்த ஸ்ட்ரைக்கர் கிடைத்தால் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம்.

கனத்தின் கணக்கு

கனமான ஸ்ட்ரைக்கர் காயை வேகமாய் ஓட்டும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு? பள்ளியில் படித்த மோதல் கணக்கை நாம் ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். மோதலில் விசை வீணாவதில்லை என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர் 100 என்னும் வேகத்தில் வந்து ஐந்தேகால் கிராம் காயை நேருக்கு நேர் மோதினால், காய் ஏறத்தாழ 148 என்னும் வேகத்தில் கிளம்புகின்றது. பத்துக் கிராம் ஸ்ட்ரைக்கர் அதே வேகத்தில் மோதினால் காய்க்குக் கிடைப்பது 131. வேற்றுமை எட்டில் ஒரு பங்கு அளவே.

மோதிய பின் ஸ்ட்ரைக்கரிடம் எஞ்சி நிற்கும் வேகத்தைப் பாருங்கள். பதினைந்து கிராமிடம் 48 எஞ்சுகின்றது. பத்துக் கிராமிடம் 31 மட்டுமே. கனமான ஸ்ட்ரைக்கர் காயை அனுப்பிவிட்டுத் தானும் விடாமல் பின்தொடர்ந்து ஓடுகின்றது. குழிக்கு நேராக இருக்கும் காயை அடிக்கும் குழந்தை ஏன் அடிக்கடி டியூ வாங்குகின்றாள் என்பதற்கு விடை இங்கே இருக்கின்றது. பழுத்த ஆட்டக்காரர் அந்த எச்ச வேகத்தைத் தமக்கு ஊழியம் செய்ய வைப்பர்: ஒரு காயைப் போட்ட ஸ்ட்ரைக்கர் ஓடிப்போய் மறு காயைக் கலைத்துவிட்டு வரும். குவியலை உடைக்கவும், மெல்லியதாய் உரசி வெட்டவும் கனம் நல்லதுதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் கைவரும் வித்தை.

மேலே போட்ட கணக்கு, இரண்டையும் ஒரே வேகத்தில் தட்ட முடியும் என்ற கற்பனையின் மேல் நிற்பது. உண்மையில் சிறு விரலில் இருக்கும் பலம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதே பலத்தைச் செலவிட்டால் கனமானது மெதுவாகப் போகும். இலேசானது விரைந்து போகும். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், விரல் பலம் ஒன்றாக இருக்கும்போது பத்துக் கிராம் ஸ்ட்ரைக்கரே காயைச் சற்று வேகமாக அனுப்புகின்றது! ஆகவே குழந்தைக்குக் கனத்தால் கிடைக்கும் என்று நாம் எண்ணிய இலாபம் கிடைப்பதேயில்லை. விரல் வலியும் டியூவும்தான் மிச்சம்.

மேனாடுகளில் பெரிய பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் என்னும் விளையாட்டு இப்போது நம் நகரத்துப் பெரிய அங்காடிகளிலும் வந்திருக்கின்றது. அதில் பந்தின் எடைக்கு உச்சவரம்பு 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. அங்கேயும் புதியவர் செய்யும் தவறு இதுவே: எடுக்கக்கூடிய மிகக் கனமான பந்தை எடுத்துக்கொண்டு, மூன்றாவது முறை உருட்டும்போது தோள் துவண்டு போகின்றனர். ஏழு கிலோ பந்தானாலும் பதினைந்து கிராம் வில்லையானாலும் மனித மனம் ஒன்றுதான் போலும்.

கடையில் நின்றுகொண்டு

போட்டி முடிந்த அடுத்த ஞாயிறன்று அந்த ஓட்டுநரும் மகளும் நாமுமாக வேறொரு கடைக்குப் போனோம். இம்முறை பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டை எடுத்துப் பரப்பினார். நல்ல மனிதர், கடையில் கிடந்த பலகையிலே ஆடிப் பார்க்க இடம் கொடுத்தார். அன்று நாம் செய்த சோதனைகள் எளியவை, எவரும் செய்யலாம்.

முதலில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஸ்ட்ரைக்கரைப் படுக்க வைத்து, விளிம்பைச் சுற்றிலும் ஒரு விரலால் மாறி மாறி அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கேயாவது தூக்கி இறங்கினால் அடிப்புறம் சமமாக இல்லை என்று பொருள். திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். பிறகு அதை நிறுத்தி, சக்கரம் போல் மெதுவாக உருட்டிவிட்டால், வட்டம் சரியாக இருப்பது தள்ளாடாமல் ஓடும். அடுத்து விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் விளிம்பைச் சுற்றி வர வேண்டும். நகம் எங்கே தட்டுகின்றதோ அங்கே சில்லு பெயர்ந்திருக்கின்றது. அந்த இடம் காயில் படும் நாளில் காய் நாம் நினைத்த திசையில் போகாது. உள்ளே இருக்கும் பூ வேலை, நிறம், மினுமினுப்பு ஆகியவற்றுக்கும் ஆட்டத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் பலகையின் நிறத்திலிருந்தும் காய்களின் நிறத்திலிருந்தும் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிவது கண்ணுக்கு நல்லது.

எடைக்கு வந்தோம். கடையில் தராசு இல்லை. பக்கத்திலிருந்த நகைப் பட்டறைக்குச் சென்று கேட்டோம். பட்டறைக்காரர், "தங்கத்தைத் தவிர எல்லாத்தையும் கொண்டாறீங்க" என்று சிரித்துக்கொண்டே எடை போட்டுக் கொடுத்தார். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்த நான்கில் ஒன்று 11 கிராம் சில்லறை, இரண்டு 13-க்கு அருகில், ஒன்று பதினைந்தைத் தாண்டியது. கையால் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எடையையும் நம்பிவிடுதல் கூடாது. போட்டிக்குப் போகும் பிள்ளையின் ஸ்ட்ரைக்கரை நகைக்கடைத் தராசில் ஒரு முறை வைத்துப் பார்ப்பது பெரிய செலவன்று.

பிள்ளை நான்கையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாள். அவள் நடுவிரலைக் கட்டைவிரலில் பூட்டித் தட்டுபவள். சிலர் ஆட்காட்டி விரலால் தட்டுவர். சிலர் இரு விரல்களைக் கத்தரி போல் பின்னி விடுவிப்பர். ஒவ்வொரு முறைக்கும் ஸ்ட்ரைக்கரில் நகம் படும் உயரம் வேறுபடும். அதனால் கனத்தைப் போலவே தடிமனும் பார்க்க வேண்டியதே. மெல்லியதாக இருந்தால் நகத்தின் நுனி பலகையில் உரசும். கால் மணி நேரம் தொடர்ந்து தட்டிய பிறகு நகக்கண்ணில் வலி தோன்றினால், அந்த ஸ்ட்ரைக்கர் அந்த விரலுக்கு ஆகாது. இதைக் கடைக்காரரோ தகப்பனாரோ அறிய முடியாது. விரலுக்கு உரியவள்தான் சொல்ல வேண்டும். "இதுப்பா" என்று அவள் எடுத்துக் கொடுத்தது 11 கிராம் சில்லறை. தகப்பனாரின் முகம் சற்று வாடியது. விலை பாதியாக இருந்ததும் அவருக்குக் குறையாகத்தான் பட்டது!

நம் ஊர்க் காற்று

கடலோரத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கேரம் பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இராயபுரத்துக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பவுடர் கட்டி தட்டும். நேற்று வழுக்கி ஓடிய காய் இன்று பாதி வழியில் நிற்கும். பழைய மன்றங்களில் பலகைக்கு மேலே தகரக் குடையுடன் குண்டு பல்பு தொங்கும். அது ஒளிக்காக மட்டுமன்று. அதன் சூட்டில் பலகை காய்ந்துகொண்டே இருக்கும். இன்று அவ்விடத்தில் எல்.இ.டி. விளக்கு வந்திருக்கின்றது. மின்செலவு குறைந்தது, சூடும் போயிற்று. மழைக்காலத்தில் பலகை முன்னிலும் மந்தமாய் இருக்கின்றது என்று பழைய ஆட்டக்காரர் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் பலகையை உலர்ந்த துணியால் துடைத்து, சுவரில் சாய்க்காமல் படுக்க வைப்பது நன்று. சாய்த்து வைத்த பலகை நாளடைவில் வளைந்துவிடும்.

தூசியும் அப்படியே. 2011-ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணையால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவது நிற்கும் வரை, நம் பகுதி வீடுகளில் காலையில் துடைத்த மேசை மாலையில் கறுத்திருக்கும். இன்றும் லாரிகள் எழுப்பும் புழுதிக்குக் குறைவில்லை. அந்த நுண்மணல் ஸ்ட்ரைக்கரின் அடியில் ஒட்டிக்கொண்டு பலகையைக் கீறும். பலகை ஸ்ட்ரைக்கரைக் கீறும். ஆகவே ஸ்ட்ரைக்கரைக் கால்சட்டைப் பையில் சில்லறைக் காசோடு போட்டு வைத்தல் கூடாது. மெல்லிய துணிப்பை ஒன்று தைத்துக் கொடுத்தால் போதும்.

தாய்மாருக்கு ஒரு சொல். பலகையில் தூவும் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலத் தூள். உள்ளே போனால் தீங்கானது. சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் டப்பாவை வைப்பதும், ஆடி முடித்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் பலகாரத் தட்டுக்குக் கொண்டு போகவிடாதிருப்பதும் அவசியம்.

உருப்படாத ஆட்டமா?

"கேரம் போர்டே கதி என்று கிடப்பவன் உருப்படமாட்டான்" என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் கேட்கின்றது. தேநீருக்கும் சிகரெட்டுக்கும் பந்தயம் வைத்து ஆடும் இடங்கள் இருப்பதால் அது முற்றிலும் ஆதாரமற்ற அச்சம் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இல் டில்லியிலும் 1995-இல் கொழும்பிலும் உலகப் பட்டம் வென்றவர்; 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றவர்; கேரம் ஆட்டத்துக்காக அவ்விருது பெற்ற முதல் வீரர் அவரே. வியாசர்பாடியில் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த இளவழகி 2008-இல் பிரான்சு நாட்டுக் கேன் நகரில் உலகச் சாம்பியனானார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், வடசென்னை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, தனியாட்டம், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது.

இவர்களுள் இருவர் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். பையனுக்கு மன்றம் இருக்கின்றது. தெருவில் அண்ணன்மார் இருக்கின்றனர். ஆளுக்கொரு ஸ்ட்ரைக்கரை அவன் எப்படியாவது சம்பாதித்துக்கொள்வான். பெண்பிள்ளைக்கு வீட்டார் வாங்கித் தந்தால்தான் உண்டு. மாலை ஏழு மணிக்கு மன்றத்தில் கொண்டுபோய் விட்டு, எட்டரைக்கு அழைத்து வர ஒருவர் வேண்டும். நம் ஓட்டுநர் நண்பர் ஓட்டம் இல்லாத நாள்களில் அதைச் செய்கின்றார். அவர் இல்லாத நாள்களில் பாட்டி மன்றத்து வாசலில் முக்காலி போட்டு அமர்ந்துகொள்கின்றார். பாட்டி இப்போது டியூ விழுந்தால் வாசலிலிருந்தே நாக்கைச் சப்புக்கொட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அடுத்து வந்த போட்டியில் நடுவர் அந்தச் சிறு ஸ்ட்ரைக்கரைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பிள்ளை இரண்டு சுற்று வென்று மூன்றாவதில் தோற்றாள். மூன்று சுற்றிலும் சேர்த்து ஒரே ஒரு டியூ. பன்னிரண்டு கிராமுக்கு மாறலாமா என்று இப்போது நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றாள். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கின்றோம்.

முதலில் வாங்கிய பூ வேலை ஸ்ட்ரைக்கரைத் தகப்பனார் எறிந்துவிடவில்லை. லாரியில் சுங்கச் சீட்டுகள் காற்றில் பறக்காமலிருக்க அவற்றின்மேல் அதைத்தான் வைத்திருக்கின்றார்.